ஆடிக்கு அழைத்து வந்தது

ஜூலை 9

ஊருக்கு வந்து பதினோரு நாள். இன்றைக்குத்தான் முதல் அறை வாங்கினேன்.

தென்னூர் பக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றேன். குவைத்தில் இருபத்தொரு வருஷம் தண்ணி டேங்கர் ஓட்டியவன். சிவப்பைக் கண்டால் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். பின்னால் பைக்கில் வந்தவனுக்கு அந்த வியாதி இல்லை. நேராக என் ஸ்கூட்டியில் வந்து சொருகினான். இறங்கி வந்து, "எதுக்குய்யா நின்ன?" என்றான்.

"சிவப்பு தம்பி" என்றேன்.

பளார். இப்போது கன்னமும் சிவப்பு.

சுற்றி நின்றவர்கள் எனக்காகப் பரிந்து பேசினார்கள். "விடுப்பா, பெரிசு வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கு. ஹெல்மெட் பட்டையெல்லாம் மாட்டியிருக்கு பாரு, பாவம்." என் ஊர் என்னை வரவேற்ற விதம் இது. நான் போனபோது இந்தத் திருச்சியில் ஆளுக்கு ஒரு சைக்கிளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தது. இப்போது இரண்டையும் விற்று பைக் வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் நடித்தே காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு என் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அனுதாபம் என்று எழுதிக்கொள்கிறேன்.

கம்பெனியில் தினமும் டிரிப் ஷீட் எழுதணும். எங்கே ஏற்றினேன், எங்கே இறக்கினேன், கடைசியில் "சேதம்" என்று ஒரு கட்டம். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதிய எனக்கு எழுத்துப் பழக்கம் வந்ததே அதில்தான். வண்டி போனாலும் கை நிற்கவில்லை. அதனால் இந்த நோட்டு.

சேதம்: இடது கன்னம், லேசாக. ஸ்கூட்டி பின்விளக்கு.

ஜூலை 12

மழை. உறையூர்த் தெருவெல்லாம் சேறு. காய் வாங்கப் போன இடத்தில் இரண்டு வியாபாரிகள் தள்ளுவண்டி நிறுத்தும் இடத்துக்காக எடைக்கல்லால் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் மண்டையிலிருந்து ரத்தம் தக்காளிக் கூடையில் சொட்டியது. ஜனங்கள் பக்கத்துக் கூடையில் பொறுக்கி வாங்கினார்கள். நானும் வாங்கினேன். நல்ல தக்காளி.

மழைக்கு மங்கையின் இடது மணிக்கட்டு வீங்கிக்கொள்கிறது. பழைய சேதம். 2003-ல் வழுக்கி விழுந்தது. தைலம் தேய்த்துவிடவா என்றேன். "வேணாங்க, நானே தேய்ச்சுக்குவேன். பழக்கமாயிடுச்சு."

ஜூலை 14

தலை ஆடி வருகிறது. தை மாசம் கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்து ஒரு மாசம் வைத்துக்கொள்ள வேண்டும், ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விட வேண்டும். "ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடிச்சு செருப்பால அடி" என்று பழமொழியே இருக்கிறது. மாமனாரை அடிக்கச் சொல்லி ஒன்றுமில்லை. அந்த வரைக்கும் பெரியவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள்.

மாப்பிள்ளை கோகுல்நாத் தஞ்சாவூரில் பாங்க் மேனேஜர். குவைத்தில் என் அறையில் இருந்த செல்வமணியின் அக்கா மகன். போட்டோ பார்த்து நானே முடித்த சம்பந்தம். பதினைந்து நாள் லீவில் வந்து கல்யாணம் பண்ணிவிட்டுப் போனேன். பொறுப்பான தகப்பன் என்று அறை முழுக்கப் பாராட்டு.

ஜூலை 16

தஞ்சாவூர் போய் ரேணுவை அழைத்து வந்தோம். மாப்பிள்ளை காலில் விழுந்து கும்பிட்டார். "மாமா, வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல மோர் சாப்பிடுங்க." இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! சம்பந்தியம்மா மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு. "உங்க பொண்ணு கையில எதுவும் நிக்க மாட்டேங்குது. பாத்திரம் விழுந்துக்கிட்டே இருக்கு." மாப்பிள்ளை சிரித்தார். "பழகிடுவாம்மா. நான் பழக்கிடுவேன்."

ரேணு முழுக்கைச் சுடிதார் போட்டிருந்தாள். இந்தப் புழுக்கத்தில்! ஏசியிலேயே இருக்கிற உடம்பு போல.

ஜூலை 17

ஆடி 1. ரேணு பதினாறு மணி நேரம் தூங்கினாள். பயணக் களைப்பு. தஞ்சாவூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

ஜூலை 21

அலமாரி மேல் தட்டில் முறுக்கு டப்பா. மங்கையும் ரேணுவும் கீழே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து கையால் மறைத்துக்கொண்டார்கள். வலது கை முதலில், அதற்கு மேல் இடது கை. சொல்லிக்கொடுத்து ஆடும் கும்மி மாதிரி அப்படி ஒரு ஒற்றுமை.

"என்ன, பல்லியா?" என்றேன்.

"ஆமாங்க, பல்லி" என்றாள் மங்கை.

மேலே பார்த்தேன். பல்லி இல்லை. ஓடியிருக்கும்.

ஜூலை 25

ரேணுவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினேன். நான் படம் பார்த்த தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். நான் அடிவாங்கிய பள்ளிக்கூடம் மட்டும் அப்படியே இருக்கிறது. ரேணு ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள்.

பாலக்கரையில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரில் ஒருத்தன் பெண்டாட்டியின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, மின்கம்பத்தில் அவள் தலையை மோதிக்கொண்டிருந்தான். மெதுவாக, அவசரமில்லாமல், தேங்காய் உடைக்கிற மாதிரி. அவள் சத்தம்கூடப் போடவில்லை. ஒரு கையால் புடவையை மட்டும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"யாராவது விலக்கக் கூடாதா?" என்றேன்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "குடும்ப விஷயம்ணே. நடுவுல போனா ரெண்டும் சேர்ந்து நம்மளை அடிக்கும். சக்கரை தூக்கலா?"

தூக்கலாகத்தான் கேட்டேன். நின்று குடித்தேன். திரும்பிப் பார்த்தால் ரேணு சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வாய் கொப்பளிக்க சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். மேல்கையின் பின்பக்கம் ஒரு தழும்பு. முக்கோணமாக, நுனி கூராக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அச்சு மாதிரி.

"என்னம்மா இது?"

"இஸ்திரி போடும்போது பட்டுடுச்சுப்பா."

கவனமாக இருக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, என் கையை முதுகுப்பக்கம் திருப்பி, அந்த இடத்தில் இஸ்திரி பட முடியுமா என்று பார்த்தேன். எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வயசாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை வளையும்.

ஆகஸ்ட் 1

பதினெட்டாம் பெருக்கு விருந்துக்கு மாப்பிள்ளையை அழைத்துவிட்டேன். ரேணு முகம் வாடியிருக்கிறதே, அவர் வந்தால் தெளியும் என்று என் யோசனை. போனை வைத்துவிட்டு, பரிசு விழுந்தவன் மாதிரி சமையல்கட்டில் வந்து சொன்னேன்.

மங்கை கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "என்னைக் கேட்டிருக்கலாமே."

"ஏன், விருந்து போட முடியாதா?"

"அதில்லங்க."

"பின்ன?"

அவள் ரேணுவைப் பார்த்தாள். ரேணு தரையைப் பார்த்தாள். நான் இருவரையும் பார்த்துவிட்டு மட்டன் எத்தனை கிலோ என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவேரி இரு கரையும் தொட்டு ஓடியது. பாலைவனத்தில் டேங்கரில் சுமந்த தண்ணியெல்லாம் நினைவுக்கு வந்தது. காப்பரிசி, கருகமணி, காதோலை வைத்துப் படைத்து, மங்கை ரேணுவுக்குப் புது மஞ்சள் கயிற்றில் தாலி மாற்றிக் கட்டினாள். மாப்பிள்ளை போன் பேசிக்கொண்டே இருந்தார். பெரிய பொறுப்பு.

சாப்பிடும் முன் "ரேணுகா, கொஞ்சம் வா" என்று உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியது. நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ விழும் சத்தம். அப்புறம் சுவரில் ஏதோ மோதியது. மறுபடி. மறுபடி. மிக்ஸி என்று நினைத்துக்கொண்டேன். மங்கை சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடவில்லை. ரிமோட் என் கையில்தான் இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன்.

ரேணு முகம் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, கயிறு ஓடிய தடம். பின்கழுத்தில் தோல் உரிந்திருந்தது. மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்து, "ரெண்டு நாளா என் போனை எடுக்கல மாமா. கொஞ்சம் மறதி. சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அவர் வலது கை விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். புதுக் கயிற்று மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்தக் கையால் பாயசம் போதும் என்று காட்டினார். நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

சேதம்:

ஆகஸ்ட் 4

'சேதம்' என்று எழுதியும் கட்டம் நேற்று காலியாக விட்டுப்போயிருக்கிறது. இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

ஆகஸ்ட் 5

கறிக்கடையில் ஒன்றும் வாங்காமல் நின்றேன். தொடை எலும்பை மூட்டில் வைத்து ஒரே வெட்டு. பாய் கேட்டார், "என்ன வேணும் அத்தா?" ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 9

ஒர்க்‌ஷாப்பில் பழைய சிநேகிதனிடம் லாரிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் ஒன்று கேட்டு வாங்கினேன். முழங்கை நீளம், நல்ல கனம். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. துணிப்பையில் போட்டு மாட்டினேன். தஞ்சாவூருக்குக் கிளம்பியவன் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆளைக் கொல்லப் போகிறவனுக்கும் ஹெல்மெட் கட்டாயம்!

மங்கை பையைத் தூக்கிப் பார்த்தாள். "எதுக்கு இது?"

"அவன் கையை முறிச்சுட்டு வரேன்."

"எந்தக் கை?" என்றாள். "இடதா?"

அவள் வலது கை, தன் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

ஹெல்மெட் பட்டையைக் கழற்றினேன். அவள்தான் பேசினாள். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. ரேணு முதல் மாசமே போன் பண்ணி அழுதாளாம். "சரியாயிடும்னு நான்தான் சொன்னேன். உங்கப்பாவும் அப்படித்தான் இருந்தார், சரியாயிடுச்சுன்னேன். எங்கே எது சரியாச்சு? நீங்க ஃப்ளைட் ஏறினீங்க, அவ்வளவுதான். லீவுல வர்ற நாப்பத்தஞ்சு நாளும் காலண்டர்ல தேதி கிழிச்சுக்கிட்டு இருப்பேன். எனக்குக் குவைத் இருந்துச்சு. அவளுக்கு என்ன இருக்கு?"

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். "டயர் மாத்திட்டியா?" என்றான் சிநேகிதன். ஆச்சு என்றேன்.

ஆகஸ்ட் 10

வழுக்கி விழவில்லை.

ஆகஸ்ட் 16

ஆடி முடிகிறது. ரேணுவிடம் கேட்டேன், "போறியாம்மா?" "போகலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியவில்லை என்றேன். "ஆனா கொண்டுபோய் விடமாட்டேன்" என்றேன். அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. துணியை அடுக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. பை நடுக்கூடத்தில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 17

ஆவணி 1. காரில் வந்தார். இனி மரியாதை எழுத வரவில்லை. வந்தான்.

"ரேணுகா, கிளம்பு."

"நான் வரல" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, சொல்லுங்க உங்க பொண்ணுக்கு."

"அவ வரல மாப்பிள்ளை. சொல்லிட்டாளே."

சிரிப்பு அப்படியே இருக்க, கை மட்டும் போய் அவள் பின்னலைப் பிடித்தது. ஒரே இழுப்பு. அவள் முழங்கால் படியில் இடித்த சத்தம் கேட்டது. வாசல் வரை இழுத்துப் போனான். சிமென்டுத் தரையில் அவள் கால் தேய்ந்த இடமெல்லாம் ரத்தக் கீற்று. எதிர்வீட்டுக்காரர் டீ கிளாசுடன் வெளியே வந்து நின்றார். குடித்துக்கொண்டே பார்த்தார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை.

நான் அவன் மேல் போய் விழுந்தேன். சண்டை என்று சொல்ல முடியாது. ஐம்பத்தாறு வயசு, இடுப்பில் டிஸ்க் விலகினவன். அவன் முழங்கை என் விலாவில் இறங்கியது. மூச்சு நின்றது. ஆனால் எப்படியோ அவன் இடது மணிக்கட்டு என் இரண்டு கைக்குள் வந்துவிட்டது. அங்கேதான் ஆச்சரியம். கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும், எந்த இடத்தில் எலும்பு கொடுக்கும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. பத்தாம் வகுப்புப் பாடமெல்லாம் மறந்துபோன கைக்கு இது மறக்கவில்லை. திருகினேன். அவன் அலறினான். இன்னும் ஒரு நூல் திருப்பினால் முறிந்துவிடும்.

"விடுங்க" என்றாள் மங்கை. சத்தமாகக்கூட இல்லை. அந்த வார்த்தையை அவள் முன்பும் சொல்லியிருக்கிறாள், அதே அளவு சத்தத்தில். அன்று நான் விடவில்லை.

விட்டேன்.

நான் விட்ட கையாலேயே அவன் ஸ்கூட்டியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டைப் பிடுங்கி என் முகத்தில் இறக்கினான். முன்பல் இரண்டு போச்சு. தலைக்கு மாட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கும். இதற்குள் ரேணு எழுந்து உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டுவிட்டாள். மங்கை வாசல்படியில் தேங்காய் அரிவாளோடு நின்றாள். ஓங்கவில்லை, பேசவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், ரத்தம் துப்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 19

மகளிர் ஸ்டேஷன். இரண்டு பக்கமும் வந்திருந்தோம். நான் அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று அவர்கள் சொன்னார்கள். இஸ்திரிப்பெட்டி, கயிறு, முழங்கால் எல்லாவற்றையும் ரேணு சொன்னாள். அவன் கையில் கட்டு. என் வாயில் பஞ்சு.

இன்ஸ்பெக்டரம்மா நல்ல மாதிரிதான். ஆனால் களைத்துப்போன முகம், காலையிலிருந்து இது எத்தனையாவதோ. "கல்யாணமாகி ஏழு மாசம். இதுக்குள்ள பிரியணுமா? எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பறேன், சேர்ந்து இருங்க" என்றார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேணு சுவரோடு ஒண்டினாள்.

இன்ஸ்பெக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா, வயசுல பெரியவர், நீங்க சொல்லுங்க. நீங்க உங்க சம்சாரத்தை ஒரு அடிகூட அடிச்சதில்லையா? அதுக்காக அவங்க ஸ்டேஷனுக்கா வந்தாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மங்கை மட்டும் பார்க்கவில்லை. ஒரு ஜோக் வந்தது. எனக்கு எப்போதும் வரும். பல் இல்லாத இடத்தில் அது வழுக்கி உள்ளேயே போய்விட்டது.

"அடிச்சிருக்கேன் மேடம்" என்றேன்.

"பார்த்தீங்களா!" என்றார் சம்பந்தியம்மா.

"இடது மணிக்கட்டை முறிச்சேன். 2003 மே மாசம், குவைத்துக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில. பாஸ்போர்ட்டைக் காணோம். எங்கடீன்னு திருகினேன், உடைஞ்சுது. பாஸ்போர்ட் சாமி படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. நான் நல்லபடியா போயிட்டு வரணும்னு வெச்சிருந்தா. இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னுச்சு, நாலு வயசு. நான் ஏர்போர்ட் போயிட்டேன். இவ அந்தக் கையோட வாசல்ல நின்னு வழியனுப்பினா."

மேலே விசிறி கடகடவென்று ஓடியது.

"அதுக்கு முன்னாடியும் உண்டு மேடம். தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவ, திரும்பிப் போக மாட்டேன்னு அழுதிருக்கா. அவங்கப்பா ஆவணி ஒண்ணாம் தேதி கொண்டாந்து விட்டுட்டு, எங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போனார். அவருக்கு நான் காபி குடுத்தேன். அதனாலதான் இவ ஸ்டேஷனுக்கு வரல. வந்திருந்தா உங்களை மாதிரி ஒருத்தர், சேர்ந்து இருங்கன்னு அனுப்பியிருப்பாங்க. என் பேரையும் எழுதிக்கோங்க. ஆனா என் பொண்ணை அனுப்பாதீங்க."

இன்ஸ்பெக்டரம்மா எழுதி வாங்க எடுத்த தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண் போலீசிடம் சொன்னார்: "பொண்ணு குடுத்த புகாரை எழுதும்மா. முதல்லேர்ந்து. அடிபட்ட இடமெல்லாம் ஆஸ்பத்திரியில காட்டி சர்ட்டிபிகேட் வாங்கணும்."

திரும்பும்போது ரேணு என் ஸ்கூட்டியில் ஏறவில்லை. அம்மாவோடு ஆட்டோவில் வந்தாள். ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தேன். எல்லா சிவப்பிலும் நின்றேன். யாரும் அடிக்கவில்லை. பல் இல்லாத ஆளைப் பார்த்து, ஏற்கனவே யாரோ முடித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 20

விட்டுப்போன ஷீட்.

2003, மே 14. காலை. உறையூர் வீடு.
சேதம்: மங்கையர்க்கரசி, இடது மணிக்கட்டு.
ஓட்டியவர்: கலியபெருமாள்.
காரணம்: இல்லை.

ஆகஸ்ட் 27

ரேணு பையைப் பிரித்து, துணியை அலமாரியில் அடுக்கினாள். அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். தழும்பு தெரிகிறது. தெரியட்டும்.

என்னோடு இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. பல் கட்ட வேண்டும். அதுவரை முறுக்கு எனக்கு எட்டாத கனி, ரேணுவுக்குத்தான் எடுக்கப் போனேன். இருவரும் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அலமாரிக்குக் கீழே நின்று, "மேலேர்ந்து டப்பா எடுக்கிறேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

ரேணு குனியவில்லை. மங்கை குனிந்தாள்.

நாளைக்கும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.